மழையும் ஈரத் தரையும்
மன்திக் கலையில் ஒரு பாடத்தின் வரலாறு

நம்மிடம் மாலை நேரங்களில் அரபி இலக்கணம் ஓதவரும் இளைஞர் ஒருவர் அரசுப் பணித் தேர்வுக்கும் படித்து வருகிறார். சென்ற மாதம் ஒருநாள் தம் பயிற்சி நூலைத் திறந்து அதிலுள்ள ஒரு வினாவைக் காட்டினார். ‘மழை பெய்தால் முற்றத்துத் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. இம்முடிவு சரியா, தவறா?’ என்பதே வினா. அவர் ‘சரி’ என்று குறித்திருந்தார். நூலின் இறுதியிலிருந்த விடைப் பட்டியலோ ‘தவறு’ என்றது. “அச்சுப் பிழையாக இருக்குமோ, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

அச்சுப் பிழையன்று. மழை பெய்தால் தரை நனையும் என்பது உண்மையே. ஆயினும் தரை நனைவதற்கு மழை ஒன்றுதான் காரணம் என்று அவ்வாக்கியம் கூறவில்லை. வீட்டார் முற்றத்தைக் கழுவிவிட்டிருக்கலாம். தண்ணீர்க் குடம் கவிழ்ந்திருக்கலாம். அண்டை வீட்டு நீர்த்தொட்டி வழிந்திருக்கலாம். ஈரத்தைக் கண்டவுடன் மழைக்குத் தாவிய நம் உள்ளம் இவற்றையெல்லாம் மறந்துவிட்டது.

இதனை விளக்கியபின் அவரிடம் மற்றொன்றையும் கூறினோம். அவர் கையிலிருந்த நூல் புதியது. அதிலிருந்த வினாவோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. நம் முன்னோர் மத்ரஸாத் திண்ணைகளில் மன்திக் எனும் அளவை நூலை ஓதியபோது இதே பாடத்தைத்தான் ஓதினார்கள். அப்பாடம் எங்குத் தோன்றியது, யார் கைகளில் வளர்ந்தது, நம் நாட்டுக்கு எவ்வழியே வந்தது, அதனை ஏன் அவர்கள் இத்துணை அக்கறையுடன் காத்தார்கள் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நான்கு வழிகள்

முதலில் பாடத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ‘இது இருந்தால் அது இருக்கும்’ என்று அமையும் வாக்கியத்தை அரபியில் ‘ஷர்த்திய்யா’ என்பர். நிபந்தனை வாக்கியம் எனலாம். ‘மழை பெய்தால்’ என்னும் முற்கூறு ‘முகத்தம்’ எனப்படும். ‘தரை நனையும்’ என்னும் பிற்கூறு ‘தாலீ’ எனப்படும். இத்தகைய வாக்கியத்தைக் கொண்டு முடிவு காண முயல்வோர் நான்கு வழிகளில் செல்லக்கூடும்.

முதல் வழி: மழை பெய்தது, ஆகவே தரை நனைந்தது. இது சரி. இரண்டாம் வழி: தரை நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை. இதுவும் சரி. மூன்றாம் வழி: தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. இது தவறு. நான்காம் வழி: மழை பெய்யவில்லை; ஆகவே தரை நனையவில்லை. இதுவும் தவறு.

சுருங்கச் சொன்னால், முற்கூறு உண்டெனில் பிற்கூறும் உண்டு. பிற்கூறு இல்லையெனில் முற்கூறும் இல்லை. மற்ற இரு வழிகளிலும் உறுதியான முடிவு எதுவும் கிட்டாது. தேர்வு நூல்களில் பல பக்கங்களுக்கு விரியும் வினாக்கள் பெரும்பாலும் இந்நான்கின் வேடங்களே. சொற்கள் மாறும், பெயர்கள் மாறும், வழிகள் மாறுவதில்லை.

கிரேக்கர் கண்ட பிழை

ஈரத் தரை எடுத்துக்காட்டை நாம் அறிந்தவரையில் முதன்முதலாக எழுதிவைத்தவர் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). அரபு நூல்களில் இவர் அரிஸ்தூ என வழங்கப்படுவார். வாதத்தில் மனிதர் எவ்வாறெல்லாம் ஏமாறுகின்றனர், ஏமாற்றுகின்றனர் என்பதை ஆராய அவர் தனிநூல் ஒன்று இயற்றினார். மழை பெய்தபின் தரை ஈரமாயிருப்பதைக் கண்டு பழகியோர், ஈரத் தரையைக் கண்டதும் மழை பெய்ததாக எண்ணிவிடுகின்றனர் என்று அதில் காட்டுகிறார். தேன் மஞ்சள் நிறமுடையது என்பதால் மஞ்சளான பித்தநீரையும் தேன் என்று கொள்வது அவர் தரும் மற்றோர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் கவனத்திற்கு மிகவும் உரியது. ஒருவன் நன்றாக உடுத்து, இரவில் வெளியே உலவுகிறான். ஒழுக்கங்கெட்டவர்கள் அவ்வாறு செய்வதுண்டு. ஆகவே இவனும் ஒழுக்கங்கெட்டவன் என்று வழக்குமன்றத்தில் வாதிடுவோர் உண்டென்று அவர் குறிக்கிறார். அன்றே இப்பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. ஒரு மனிதனின் மானத்தோடு விளையாடிக் கொண்டிருந்தது. இச்செய்தியை மனத்திற்கொண்டு மேலே செல்வோம். இறுதியில் இதனிடமே திரும்பி வருவோம்.

அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த ஸ்தோயிக்கர் எனும் கூட்டத்தார், நிபந்தனை வாக்கியங்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தனர். பகலாயின் ஒளியுண்டு என்பது அவர்களிடையே வழங்கிய எடுத்துக்காட்டு. அரபு மன்திக் நூல்களில் வரும் கதிரவன் உதயத்திற்கும் பகலுக்கும் இதுவே உறவு.

பக்தாத் நகரில்

அப்பாசியர் காலத்தில் கிரேக்க நூல்கள் சிரியாக் மொழி வழியாகவும் நேராகவும் அரபிக்கு வந்தன. மேலே கூறிய அரிஸ்டாட்டிலின் நூல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மொழிபெயர்க்கப்பட்டது. யஹ்யா பின் அதீ (இறப்பு கி.பி. 974), ஈஸா பின் ஸுர்ஆ (இறப்பு கி.பி. 1008) ஆகியோரின் மொழிபெயர்ப்புகளும், இப்னு நாஇமாவுக்கு உரியதாகக் கூறப்படும் மற்றொன்றும் ஒரே கையெழுத்துப் பிரதியில் இடம்பெற்றுப் பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன. ஒரு நூலைச் சரியாகப் புரிந்துகொள்ள மூவர் முயன்றதிலிருந்தே அக்காலத்தவரின் அறிவுத் தாகம் புலனாகும்.

எல்லோரும் இப்புதுக் கலையைக் கைநீட்டி வரவேற்றனர் என்று எண்ணிவிடலாகாது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாத் அமைச்சர் ஒருவரின் அவையில், மன்திக் அறிஞர் அபூபிஷ்ர் மத்தாவுக்கும் இலக்கண மேதை அபூஸயீத் ஸீராஃபிக்கும் நிகழ்ந்த வாதம் புகழ்பெற்றது. கிரேக்கர் தம் மொழியைக் கொண்டு வகுத்த கலை அரபியருக்கும் பாரசீகருக்கும் இந்தியருக்கும் எங்ஙனம் தேவையாகும் என்பது ஸீராஃபியின் கேள்வி. இவ்வாதத்தை அபூஹய்யான் தவ்ஹீதி தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். அக்கேள்விக்கு முழுமையான விடை அன்று கிடைக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தோன்றினார். வாதங்களை ‘இக்திரானீ’ என்றும் ‘இஸ்தித்னாயீ’ என்றும் இரண்டாகப் பகுத்தவர் அவரே. நிபந்தனையை முதலில் கூறி, ‘ஆனால்’ என்னும் பொருளுடைய ‘லாகின்ன’ எனும் சொல்லால் அடுத்த அடியை எடுத்துவைத்து, முடிவு காண்பது இஸ்தித்னாயீ. ‘மழை பெய்தால் தரை நனையும், ஆனால் தரை நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை’ என்பது இவ்வகை. இன்றளவும் மத்ரஸாக்களில் ஓதப்படும் மன்திக் நூல்கள் இப்னு ஸீனா வகுத்த இப்பாகுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

இமாம் கஸ்ஸாலியின் தராசு

இக்கலையை மருத்துவர், தத்துவ ஞானிகள் ஆகியோரிடமிருந்து பெற்று ஃபிக்ஹு ஓதும் மாணவனின் கையில் கொடுத்தவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆவார்கள் (கி.பி. 1058–1111). தத்துவ ஞானிகளின் கொள்கைகளைக் கடுமையாக மறுத்து நூல் எழுதிய அன்னார், அவர்களுடைய அளவைக் கருவியை மறுக்கவில்லை. தராசு செய்தவன் யாராயினும் அதன் தட்டுகள் நேராயிருந்தால் போதும் என்பதே அவர்களின் நிலை.

‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ என்னும் நூலின் பெயருக்கே நேரிய தராசு என்றுதான் பொருள். மார்க்கத்தில் கருத்து வேற்றுமை நீங்கப் பிழையற்ற ஓர் இமாமிடமே செல்லவேண்டும் என்று வாதிட்ட ஒருவருடன் நிகழ்ந்த உரையாடலாக அந்நூல் அமைந்துள்ளது. அதில் திருமறையிலிருந்தே ஐந்து தராசுகளை இமாம் எடுத்துக் காட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்று ‘மீஸானுத் தலாஸும்’, அதாவது உடன்நிகழ்ச்சித் தராசு. வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ்வையன்றி வேறு தெய்வங்கள் இருந்திருப்பின் அவை சீர்குலைந்திருக்கும் என்னும் கருத்துடைய வசனத்தை (21:22) அதற்குச் சான்றாக்குகிறார்கள். அவை சீர்குலையவில்லை, ஆகவே வேறு தெய்வங்கள் இல்லை. நாம் மேலே கண்ட இரண்டாம் வழி இதுவேயன்றோ? ஸீராஃபியின் கேள்விக்கு இதனினும் சிறந்த விடை இருத்தல் அரிது. கலையின் பெயரும் ஏடும் கிரேக்கருடையவை. எடைபோடும் முறை மனித இனம் முழுமைக்கும் பொதுவானது.

ஹிஜ்ரி 503இல் (கி.பி. 1109) நிறைவுபெற்ற ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் உஸூலுல் ஃபிக்ஹு நூலின் தொடக்கத்தில் மன்திக் பாடத்தை முன்னுரையாகவே சேர்த்தார்கள். அதனை அறியாதவரின் கல்வியில் நம்பிக்கை வைப்பதற்கில்லை என்னும் அளவுக்கு வலியுறுத்தினார்கள். அங்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இத்தொழுகை செல்லுபடியானதாயின், தொழுதவர் தூய்மையுடன் இருக்கிறார் என்பது நிபந்தனை. தொழுகை செல்லும் என்று தெரிந்தால் தூய்மை உண்டென்பது உறுதி. தூய்மை இல்லையென்று தெரிந்தால் தொழுகை செல்லாது என்பதும் உறுதி. ஆனால் தூய்மை இருக்கிறது என்பதனால் மட்டும் தொழுகை செல்லும் என்று கூறிவிட முடியாது. நிய்யத்து இல்லாமற் போயிருக்கலாம், கிப்லா தவறியிருக்கலாம், நேரம் வராதிருக்கலாம். அவ்வாறே தொழுகை செல்லாது என்பதனால் தூய்மை இல்லை என்றும் கூறவியலாது.

உளூச் செய்து பழகிய பத்து வயதுச் சிறுவனுக்கும் இது விளங்கும். தேனையும் பித்தநீரையும் ஆராய வேண்டியதில்லை. நாள்தோறும் ஐவேளையும் கடைப்பிடிக்கும் ஒரு சட்டத்தில் அவன் முன்பே அறிந்துவைத்திருந்த நியாயத்தை, அதுதான் அளவைக் கலை என்று இமாம் அடையாளம் காட்டினார்கள்.

காரணத்தையும் அவர்கள் விளக்கினார்கள். பிற்கூறு முற்கூறைவிட விரிந்ததாக இருக்கக்கூடும். மனிதன் என்றால் உயிர்ப்பிராணி, ஆனால் உயிர்ப்பிராணி என்றால் மனிதன் என்றாகாது, குதிரையும் உயிர்ப்பிராணிதான். குறுகியது இருந்தால் விரிந்ததும் இருக்கும். விரிந்தது இல்லையேல் குறுகியதும் இல்லை. எதிர்த்திசையில் செல்ல வழியில்லை. மூன்றாம் வழியும் நான்காம் வழியும் அடைபட்டதற்குரிய காரணம் முழுவதும் இதனுள் அடங்கிவிட்டது.

மறுத்தோரும் இரண்டு சட்டைகளும்

இமாம் கஸ்ஸாலிக்குப் பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. ஹதீஸ் கலை மேதை இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு கி.பி. 1245) மன்திக் பயில்வதைத் தடுத்து ஃபத்வா வழங்கினார்கள். இப்னு தைமிய்யா (கி.பி. 1263–1328) மன்திக் வாதிகளை மறுத்துப் பெருநூல் எழுதினார்கள். கூர்த்த மதியுடையோனுக்கு இக்கலை தேவையில்லை. மந்த மதியுடையோனுக்கு இதனால் பயனில்லை என்னும் கருத்து அவர்களுடையது.

இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அரிஸ்டாட்டில் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே யஃகூப் நபி (அலை) அவர்கள் இத்தராசைக் கையாண்டார்கள். யூசுஃப் நபி (அலை) அவர்களைக் கிணற்றில் எறிந்துவிட்டு வந்த மைந்தர்கள், பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தையின் முன் வைத்தார்கள். ஓநாய் தின்றிருந்தால் சட்டையில் இரத்தம் இருக்கும். சட்டையில் இரத்தம் இருக்கிறது. ஆகவே ஓநாய் தின்றுவிட்டது. இதுவே அவர்கள் நம்பவைக்க முயன்ற வாதம். பிழையான மூன்றாம் வழி! தந்தையார் சட்டையை நோக்கினார்கள். அது கிழியவில்லை என்பதைக் கண்டார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகின்றனர். ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழிந்திருக்கும், கிழியவில்லை, ஆகவே ஓநாய் தின்னவில்லை. இது வழுவாத இரண்டாம் வழி.

அதே அத்தியாயத்தில் இரண்டாவது சட்டையும் வருகிறது. மிஸ்ரு நாட்டு அமைச்சரின் இல்லத்தில் யூசுஃப் நபி (அலை) மீது பழி சுமத்தப்பட்டபோது, அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவர் இரு நிபந்தனைகளை முன்வைத்தார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அப்பெண் கூறுவது உண்மை. பின்புறம் கிழிந்திருந்தால் அது பொய். பின்புறமே கிழிந்திருந்தது, வழக்கு முடிந்தது. இது நேரான முதல் வழி. முடிவைச் சொல்லும் முன்னரே, எவ்வடையாளம் எம்முடிவைத் தரும் என்று இரு தரப்புக்கும் பொதுவாக வகுத்துக்கொண்டதில்தான் அச்சான்றாளரின் நேர்மை விளங்குகிறது.

ஆயின் யஃகூப் நபியின் (அலை) பார்வை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரத்தம் தோய்ந்த சட்டையைக் கண்டு கலங்கிவிடும் எளியோரே உலகில் மிகுதி. அவர்களுக்காகவே இக்கலை ஏட்டில் வடிக்கப்பட்டது என்பது நம் எண்ணம்.

இலக்னோவிலிருந்து சென்னைக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அப்ஹரீ ‘ஈஸாகூஜி’ என்னும் சிறு நூலை இயற்றினார். நஜ்முத்தீன் காத்திபீ (இறப்பு கி.பி. 1276) ‘ஷம்ஸிய்யா’வை எழுதினார். அதற்குக் குத்புத்தீன் ராஸீ (இறப்பு கி.பி. 1365) வரைந்த விரிவுரை ‘குத்பீ’ என்ற பெயராலேயே மத்ரஸாக்களில் வழங்கலாயிற்று. பீகாரைச் சேர்ந்த முஹிப்புல்லாஹ் (இறப்பு கி.பி. 1707) ‘ஸுல்லமுல் உலூம்’ என்னும் செறிவான மன்திக் நூலையும், ‘முஸல்லமுஸ் ஸுபூத்’ என்னும் உஸூல் நூலையும் படைத்தார். இலக்னோ ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு கி.பி. 1748) பெயரால் அமைந்த ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தில் மன்திக் நூல்களுக்குச் சிறப்பிடம் உண்டு.

அப்பெருமகனாரின் புதல்வர்தாம் ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விக் கடல் எனப் புகழப்பட்ட அல்லாமா அப்துல் அலீ. நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்று வடநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, இங்கேயே கற்பித்து, கி.பி. 1810இல் (ஹி. 1225) இங்கேயே மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். மேலே கூறிய ‘ஸுல்லம்’, ‘முஸல்லம்’ ஆகிய இரண்டிற்கும் அவர்கள் விரிவுரை எழுதியிருக்கிறார்கள். முஸல்லமுக்கு எழுதிய ‘ஃபவாத்திஹுர் ரஹமூத்’ எகிப்தின் பூலாக் அச்சகத்தில் ஹிஜ்ரி 1322–1324இல் அச்சேறியபோது, இமாம் கஸ்ஸாலியின் ‘முஸ்தஸ்ஃபா’வுடன் ஒரே பதிப்பாகச் சேர்த்து வெளியிடப்பட்டது. தூஸ் நகரத்து ஷாஃபியீ இமாமும், நம் சென்னை மண்ணில் உறங்கும் ஹனஃபீ அறிஞரும் ஒரே அட்டைக்குள் அமர்ந்திருப்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

இந்நூல்களை ஓதும் மாணவருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் திரும்பத் திரும்ப வரும். கதிரவன் உதித்தால் பகல் இருக்கும் என்பது ஒன்று. இது மனிதனாயின் உயிர்ப்பிராணி என்பது மற்றொன்று. முன்னதில் ஒரு வலை உண்டு. கதிரவன் உதயமும் பகலும் ஒன்றுக்கொன்று சமம். ஒன்றிருந்தால் மற்றதும் இருக்கும், ஒன்றில்லையேல் மற்றதும் இல்லை. எனவே அந்த எடுத்துக்காட்டில் நான்கு வழிகளும் சரியான முடிவையே தருவதாகத் தோன்றும். அதனை மட்டும் மனப்பாடம் செய்தவன் தவறான வழிகளையும் சரியென்றே நம்பிவிடுவான். பின்னதை எடுத்துப் பொருத்திப் பார்த்தால்தான் பிழை வெளிப்படும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இதனினும் எளிய சோதனை இல்லை. வினாவிலுள்ள சொற்களை நீக்கிவிட்டு ‘மனிதன், உயிர்ப்பிராணி’ என்பவற்றை அவ்விடத்தில் வையுங்கள். முடிவு நகைப்புக்கு இடமாகுமானால் வாதம் பிழையானது.

பேச்சு வழக்கும் சட்டமும்

அறிவுடையோரும் இப்பிழையில் விழுவதற்குக் காரணம் என்ன? நம் அன்றாடப் பேச்சே காரணம். தேர்வில் தேறினால் மிதிவண்டி வாங்கித் தருவேன் என்று தந்தை கூறினால், தேறாவிட்டால் கிடையாது என்பதையும் மகன் புரிந்துகொள்கிறான். சொன்னது ஒரு நிபந்தனை, கேட்டது இரண்டு. பேச்சில் இது குற்றமன்று. சொல்பவரின் கருத்தும் அதுவே.

உஸூல் அறிஞர்கள் இந்நுட்பத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள். நிராகரிப்போரின் தொல்லையை அஞ்சினால் பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாம் என்று திருமறை கூறுகிறது (4:101). இப்போது மக்கள் அச்சமற்றிருக்கிறார்களே என்று யஃலா பின் உமைய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் வினவினார்கள். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டதாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய கொடை, அதனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் விடையளித்ததாகவும் உமர் (ரலி) கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அச்சம் நீங்கியது, சலுகை நீங்கவில்லை. உமர் (ரலி) போன்ற மதிநுட்பம் வாய்ந்தோருக்கே அவ்வையம் எழுந்ததென்றால், நம் இளைஞர் ‘சரி’ என்று குறித்ததில் வியப்பென்ன?

மற்றொரு சான்று. மீட்டுக்கொள்ள இயலாத தலாக் பெற்ற பெண்கள் கருவுற்றிருந்தால் மகப்பேறு வரை அவர்களுக்குச் செலவு கொடுக்குமாறு திருமறை பணிக்கிறது (65:6). கருவுறாதவர்களின் நிலை என்ன? நிபந்தனை இல்லாதபோது கட்டளையும் இல்லை. அவளுக்கு உறைவிடம் உண்டு, செலவுத் தொகை இல்லை என்பர் ஷாஃபியீ மத்ஹபினர். ஒன்றைக் குறிப்பிட்டதனால் மற்றதை விலக்கியதாகாது. இத்தா முடியும்வரை அவளுக்கும் செலவுத் தொகை உண்டு என்பர் ஹனஃபீகள். இரு சாராருக்கும் ஹதீஸ் முதலிய வேறு சான்றுகளும் உண்டு. எனினும் ‘ஆனால்’, ‘ஆயின்’ என்னும் சிறு சொல்லை எவ்வாறு கொள்வது என்பதில் ஓர் ஏழைப் பெண்ணின் மூன்று மாத உணவு அடங்கியிருப்பதைக் காண்க.

ஷாஃபியீகள் மன்திக் அறியாமல் இவ்வாறு கூறினார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மன்திக், வாக்கியத்திலிருந்து தப்பாமல் பிறப்பது எது என்று கேட்கிறது. உஸூல், சொல்பவன் கருதியது எது என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தேர்வு நூல் கேட்பது முதலாவதை மட்டுமே. எந்தக் கேள்விக்கு விடை கூறுகிறோம் என்று தெளிந்துகொண்டால் பாதிப் பிழை நீங்கிவிடும்.

இக்காலத்தார் செய்த சோதனை

ஆங்கில உளவியலறிஞர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட ஒரு சோதனை உலகப் புகழ்பெற்றது. தமிழுக்கேற்ப மாற்றிக் கூறுவோம். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் உண்டு. கண்ணுக்குத் தெரிபவை அ, க, 4, 7. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்னும் விதி மெய்யா என்றறிய எவ்வட்டைகளைத் திருப்பவேண்டும்? ‘அ’வையும் ‘7’ஐயும் திருப்பவேண்டும். பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும், அல்லது ‘அ’வை மட்டுமே சுட்டினர். இத்தகைய சோதனையில் சரியாக விடையளிப்போர் பத்தில் ஒருவர் அளவினரே. படித்தோரும் இதற்கு விலக்கல்லர்.

1982இல் அமெரிக்க ஆய்வாளர் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் அதே சோதனையை வேறு உடையில் வைத்தனர். மது அருந்துபவர் குறித்த வயதைக் கடந்தவராக இருக்கவேண்டும் என்பது விதி. அருந்துபவர்கள், வயதினர் நால்வரில் யாரைச் சோதிப்பீர் என்று கேட்டபோது, நான்கில் மூன்று பங்கினர் அளவுக்குச் சரியாக விடை கூறினர். வினாவின் வடிவம் ஒன்றே. மக்கள் வாழ்வில் அறிந்த சட்டமாக அது வந்தபோது பிழை மறைந்தது.

இமாம் கஸ்ஸாலி தொழுகையையும் தூய்மையையும் எடுத்துக்காட்டாகத் தேர்ந்ததன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா? நம் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பள்ளிவாசலில் நால்வர் இருக்கின்றனர். ஒருவர் தொழுகிறார், ஒருவர் தொழாமல் அமர்ந்திருக்கிறார், ஒருவர் உளூவுடன் இருக்கிறார் என்பது தெரியும், ஒருவர் உளூ இல்லாதவர் என்பது தெரியும். உளூவின்றி எவரும் தொழலாகாது என்னும் சட்டம் மீறப்படுகிறதா என்றறிய யாரை விசாரிப்பீர்கள்? தொழுகிறவரிடம் உளூ உண்டா என்றும், உளூ இல்லாதவர் தொழுகிறாரா என்றும் விசாரிப்போம் என்று நம் வீட்டுச் சிறுவர் உடனே கூறுவர். அதுவே ‘அ’வும் ‘7’உம்!

இப்பாடம் யாருக்காக?

தேர்வில் ஒரு மதிப்பெண் பெறுவதற்கு இத்துணை வரலாறு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஹிஜ்ரி 5 என்றும் 6 என்றும் வரலாற்றாசிரியர் குறிக்கும் ஆண்டில் நிகழ்ந்ததை நினைவூட்டுவோம். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்புகையில், தவறிப்போன கழுத்து மாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் படையினரை விட்டுப் பின்தங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள், அன்னையாரை ஒட்டகத்தில் ஏற்றி, தாம் அதனைப் பிடித்து நடந்து வந்து சேர்ந்தார்கள். நயவஞ்சகர்களின் நாவு அசைந்தது. தவறு நடந்திருந்தால் தனித்து வந்திருப்பர், தனித்து வந்தனர், ஆகவே தவறு நடந்தது! அரிஸ்டாட்டில் குறித்த இரவில் உலவும் மனிதனின் வழக்கே இங்கும். ஈரத் தரையைக் கண்டு மழை என்றார்கள். ஏறத்தாழ ஒரு மாத காலம் ஒரு தூய இல்லம் கண்ணீரில் ஆழ்ந்தது.

அவ்வேளையில் அபூஅய்யூப் அன்சாரி (ரலி) அவர்களிடம் அவர்தம் மனைவியார் அவ்வதந்தியைப் பற்றிக் கூறினார்கள். நீ அவ்வாறு செய்வாயா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். செய்யமாட்டேன் என்றார் மனைவியார். ஆயிஷா உன்னைவிட மேலானவர் அல்லவா என்றார்கள் அபூஅய்யூப் (ரலி). தனித்து வருவதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதை அந்த நல்ல குடும்பம் ஒரே கேள்வியில் கண்டுகொண்டது. பின்னர் இறங்கிய ஸூரத்துந் நூரின் வசனங்கள் அன்னையாரின் தூய்மையை அறிவித்தன. நம்பிக்கையாளர் தம்மவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளாததையும், பழி கூறியோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராததையும் கண்டித்தன.

இன்று நம் தெருக்களில் என்ன நிகழ்கிறது? மருமகள் தாய்வீட்டில் தங்கிவிட்டாள், சச்சரவு இருந்தால் தங்குவாள், ஆகவே சச்சரவு. ஒருவன் திடீரென வீடு கட்டினான்; தவறான பணம் வந்தால் கட்டுவான்; ஆகவே தவறான பணம். ஒரு கைப்பேசிச் செய்தி நொடியில் ஊர் முழுதும் பரவும் இக்காலத்தில் இம்மூன்றாம் வழி மிகவும் அகன்ற சாலையாகிவிட்டது. நிக்காஹ் முறிகிறது, உறவு அறுகிறது, ஒரு பெண்ணின் மானம் அழிகிறது. தேர்வில் பிழைத்தால் போவது ஒரு மதிப்பெண். இங்குப் போவது மீளாது.

அந்த இளைஞரிடம் முடிவாக நாம் கூறியது இதுதான்: “ஈரத்தைக் கண்டால், வேறெதனாலும் நனைந்திருக்க இயலாதா என்று முதலில் கேட்டுப் பழகுங்கள். தேர்வில் கேளுங்கள், வீட்டில் அதைவிட அதிகமாகக் கேளுங்கள்.” அவர் தம் விடையை அடித்துத் திருத்தி, அடுத்த வினாவுக்குச் சென்றார்.

நம் நாவையும் நம் முடிவுகளையும் நேரிய தராசில் நிறுத்திப் பார்க்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.